நியூட்டனுக்குப் பாஸ் மார்க்

1920 ஜனவரி 13. நியூயார்க் டைம்ஸ் தலையங்கப் பக்கத்தில் ஒரு பேராசிரியரைப் பெஞ்சு மேல் ஏற்றினார்கள். பெயர் ராபர்ட் கோடார்ட். அமெரிக்காவின் வூஸ்டர் நகரில், கிளார்க் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் வாத்தியார். செய்த குற்றம், ராக்கெட் நிலாவரைக்கும் போகும் என்று எழுதியது. காற்றே இல்லாத இடத்தில் ராக்கெட் எதை உதைத்து முன்னேறும்? பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லையே என்று அங்கலாய்த்தார் எழுதிய புண்ணியவான்.

ராக்கெட் காற்றை எங்கே உதைக்கிறது? தன் வயிற்றில் எரியும் வாயுவைத்தான் பின்னால் தள்ளுகிறது. வாயு அதைத் திருப்பி முன்னால் தள்ளுகிறது. நியூட்டன் சொன்ன விதிதான் இது. படகில் நின்று பின்பக்கமாகக் கருங்கல்லை வீசினால் படகு முன்னே நகரும். வீசிய கல் எதிலாவது போய் முட்டட்டும் என்று படகு காத்திருப்பதில்லை. எரிபொருள் தீரத் தீர ராக்கெட்டின் எடை குறையும். அதே தள்ளலுக்கு வேகம் இன்னும் கூடும். காற்றுதான் இடைஞ்சல்: முன்னால் மூக்கில் முட்டும், பின்னால் வாயுவின் வாயை அடைக்கும்.

கோடார்ட் இதை வாயால் மட்டும் சொல்லவில்லை. காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் ராக்கெட்டைக் கொளுத்தி அளந்தே பார்த்திருந்தார். தள்ளல் குறையவில்லை, கூடியது! ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட அவருடைய அறிக்கையிலேயே அந்தக் கணக்கு இருந்தது. அதே அறிக்கையில் இருந்த, நிலாவில் வெடிமருந்து கொளுத்தலாம் என்ற ஒரு யோசனையைப் பிடித்துக்கொண்டவர்களுக்குக் கணக்கைப் புரட்ட ஏது பொழுது?

மனிதர் சண்டைக்குப் போகாமல் வேலையைப் பார்த்தார். 1926 மார்ச் 16 அன்று, ஆபர்ன் என்ற ஊரில், அவருடைய எஃபி அத்தையின் பண்ணையில், உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட் இரண்டரை விநாடி பறந்தது. எட்டிய உயரம் 41 அடி. விழுந்த இடம் முட்டைக்கோஸ் பாத்தி. அத்தை என்ன சொன்னாரோ!

1945இல் கோடார்ட் போய்ச் சேர்ந்தார். 1969 ஜூலை 16 அன்று அப்போலோ 11 நிலாவுக்குக் கிளம்பியது. மறுநாள் டைம்ஸில் சின்னதாக ஒரு திருத்தம்: வெற்றிடத்திலும் ராக்கெட் வேலை செய்யும் என்பது இப்போது உறுதியாகிவிட்டதாம்; பிழைக்கு வருந்துகிறார்களாம். இந்த அனுமதிச் சீட்டு அச்சாகி வருவதற்குள் ஆம்ஸ்ட்ராங் கோஷ்டி வெற்றிடத்தில் வெகுதூரம் போய்விட்டிருந்தது.

வருந்தியதோடு விட்டார்களா? பதினேழாம் நூற்றாண்டில் ஐசக் நியூட்டன் கண்டு சொன்னதும் சரிதான், மேற்கொண்டு நடந்த ஆராய்ச்சிகள் அதை உறுதிசெய்கின்றன என்றும் சேர்த்திருந்தார்கள். 1687இல் புத்தகம் போட்ட மனுஷர், 282 வருஷம் கழித்து ஒருவழியாகத் தேறிவிட்டார்.