அத்தை வீட்டுக் கிணறு

சுரக்குடியில் நின்றால் கடல் தெரியாது. காரைக்காலில், திருநள்ளாறு பக்கத்து வயலும் வாய்க்காலும்தான் எங்களுக்கு உலகம். கடல் பார்க்க வேண்டுமென்றால், கிழக்கே வாழ்க்கைப்பட்டுப் போன அத்தை வீட்டுக்குப் போக வேண்டும்.

நான் பள்ளிக்கூடம் முடிக்கிற சமயம். அத்தை கிணற்றில் இறைத்த தண்ணீரை ஒரு மடக்கு வாயில் வைத்துத் துப்பினாள். "கரிக்குதுடா தம்பி. போன குறுவை வரைக்கும் இப்படியில்ல." வேலிக்கு அப்பால் இறால் குட்டைகள். மோட்டார் வைத்துக் கடல்நீரை ஏற்றித் தேக்கியிருந்தார்கள். யாரிடம் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவளுடைய நாக்குதான் அங்கிருந்த ஒரே பரிசோதனைக்கூடம்.

யாரிடம் சொல்வதென்று தெரிந்துகொள்ள நான் சென்னைக்குப் போய்ச் சட்டம் படிக்க வேண்டியிருந்தது. சுற்றுச்சூழல் சட்டம் அப்போது ஓரத்துப் பாடம். ஒருநாள் வகுப்பில் எஸ். ஜெகந்நாதன் வழக்கு வந்தது. சர்வோதயத் தலைவர், நாகை மாவட்டத்து உழவர்களுக்காக உச்ச நீதிமன்றம் போனவர். 1996 டிசம்பர் 11-ல் குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது: பாரம்பரிய முறையில் அல்லாத இறால் பண்ணை ஒரு தொழிற்சாலையே, 1991-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை தடை செய்த பகுதியில் அது இருக்கக் கூடாது, 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும், கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும். காரைக்காலைச் சூழ்ந்த மாவட்டத்து உப்பு, ஆங்கிலத் தீர்ப்பாகி, நகலெடுத்த தாள்களில் என் மேசைக்கு வந்திருந்தது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

விடுமுறைக்கு வந்து அத்தைக்கு முழுவதையும் தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப கிணறு எப்ப இனிக்கும்?" என்றாள். நான் படித்த எந்தப் பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை.

2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. அதன் 27-ஆம் பிரிவு, 1991 அறிவிக்கையின் தடை இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது என்று அறிவிக்கை வெளியான நாளிலிருந்தே திருத்திவிட்டது. நான் உருப்போட்ட தீர்ப்பின் அடித்தளமே அதில் போயிற்று. பண்ணைகள் பதிவு பெறும் தொழிலாயின. இதைப் பாடமாகச் சொல்லும்போதெல்லாம் என் குரல் இன்னமும் இறங்கிவிடுகிறது.

இப்போது காலம் வேறு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது, காரைக்கால் சேர்ந்த புதுச்சேரியும் அதன் எல்லைக்குள் வருகிறது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். சட்டங்கள் கைப்பேசியில் கிடைக்கின்றன. சுரக்குடியில் பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்து, தண்ணீரைச் சோதிக்கவும் புகார் எழுதவும் நான் பயிற்சி கொடுக்கிறேன். உள்ளங்கையில் அடங்கும் மானியை நீரில் விட்டால் உப்பின் அளவு எண்ணாக வந்துவிடும். மண்ணின் உப்பு மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் தாண்டினாலே நெல் மகசூல் குறையத் தொடங்கும். கடைமடையில் உழுகிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பயிற்சியில் அதிக நேரம் எடுத்துக்கொள்வது தண்ணீர் மாதிரி பிடிக்கும் பாட்டில்தான். 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 21-ஆம் பிரிவு. கழிவுநீர் மாதிரியை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி எடுக்கும்போது ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அவர் முன்னிலையில் இரண்டாகப் பிரிக்க வேண்டும், முத்திரை வைத்து இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இந்த முறை தவறினால் அந்த ஆய்வறிக்கை அந்தச் சட்டத்தின் கீழ் சாட்சியமாகாது. பல நல்ல வழக்குகள் பாட்டிலோடு கவிழ்ந்துவிடும் இடம் இது. நாமே மொண்டு வைக்கிற தண்ணீருக்கு அந்தத் தகுதி கிடையாது. நம் கையில் இருப்பது தேதியும் இடமும் புகைப்படமும் எழுத்துப் புகாரும். அவற்றை ஒழுங்காக வைத்திருந்தால் அதிகாரி வந்தே ஆக வேண்டிய கட்டாயம் உண்டாகும் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் இத்தனை ஆண்டு நிற்கிறேன்.

தேதி இல்லாமல் ஒன்றும் நகராது. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம் கொடுக்கிறது. தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். அந்த "முதல் நாள்" எது என்றுதான் எதிர்த்தரப்பு முதலில் கேட்கும். அத்தை அதற்கு ஒரு பதில் வைத்திருந்தாள்: போன குறுவை. கேட்க அன்று யாரும் இல்லை. இன்று கேட்க ஆள் இருக்கிறார்கள், அத்தை இல்லை. கிணறும் தூர்ந்துவிட்டது.

போன பயிற்சியில் ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, வீட்டுத் தண்ணீரைப் பற்றி எழுதிவரச் சொன்னேன். ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சார், தண்ணி எப்ப மாறிச்சுன்னு பாட்டிகிட்ட கேட்டேன். பதினெட்டாம் பெருக்கு அன்னிக்குத்தான் முதல்ல கரிச்சுதுன்னு சொல்லுது. இதைத் தேதின்னு எழுதலாமா?"

"எழுதும்மா," என்றேன். "எந்த வருஷம்னு மட்டும் கேட்டு வா."