ராத்தங்கலுக்கு மணல் எதற்கு?

நம் குப்பம் ஊர் இளைஞர்களுக்குப் பாலைவன ஆசை வந்துவிட்டது. ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, சாம் மணல்மேட்டில் ராத்தங்கல். மனித வாடையே இல்லாத நிலத்தைப் படமெடுக்க வேண்டுமாம். வாடைக்கு அங்கே பஞ்சமில்லை. வரிசையாகக் கூடாரங்கள், உள்ளேயே குளியலறை, வெளியே ஒட்டகச் சவாரி, ராத்திரி ஒலிபெருக்கி வைத்து ஆட்டம். வெறும் மணல் மட்டும் படத்தில் விழ வேண்டுமென்றால் ஒரு கல்யாணக் கூட்டத்தையே சற்று நகரச் சொல்ல வேண்டும்.

ஊர்ப்பக்கம் தனிமை இலவசம். 1990-இல் சரணாலயமான கௌண்டின்யாக் காட்டோரம் நம் விவசாயி பரண்மேல் விடிய விடிய விழித்திருக்கிறார், டார்ச்சும் பட்டாசுமாக. யானை வந்தால், "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு" என்று சொல்கிற நிலையில் அவர் இல்லை.

நிலக்காட்சியா? 'குப்பம் கிரீன்' என்ற பெயரில் நம் பாறை கிரானைட்டாகி, எங்கெங்கோ சமையல் மேடையாகப் படுத்திருக்கிறது. மிச்சமுள்ள குன்றைப் படமெடுப்பதானால் சீக்கிரம் எடுங்கள், தம்பிகளே. லாரிக்காரர் இன்ஜினைக் கிளப்பிவிட்டார்.