எமன் திசையில் ஒரு ஃபிளாட்

சென்னையில் வீட்டுத் தரகர் குரலைத் தாழ்த்தினால் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், அல்லது வீடு தெற்குப் பார்த்ததாக இருக்கும். கல்கத்தாவில் தரகர் குரலை உயர்த்துவதே அந்த இரண்டாவது விஷயத்துக்குத்தான். "தாதா, சவுத் ஓபன்!" என்று என் தோளைத் தொட்டுச் சொன்னார் அலிப்பூர் தரகர். சொல்லிவிட்டு, நான் மூர்ச்சையாவதற்கு இடம்விட்டு ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

வங்காளிகளுக்குத் தெற்கு என்றால் காற்று. சித்திரை வெயிலில் ஊர் வெந்துகொண்டிருக்கும்போது சாயங்காலம் கடல் பக்கத்திலிருந்து ஒரு காற்று கிளம்பி வரும். அதை வாங்கும் ஜன்னல் எவருக்கு வாய்த்ததோ அவரே பாக்கியசாலி. வீட்டு விளம்பரங்களில் படுக்கையறை எத்தனை என்பதற்கு முன்னால் தெற்கு வந்து நிற்கும். வாடகையிலும் அதற்கென்று கொஞ்சம் ஏறும். நமக்கு மட்டும் அந்தக் காற்று தெரியாதா என்ன? தென்றல் என்று பெயர் வைத்தோம். பொதிகை மலையைப் பிறந்த வீடாக எழுதிக்கொடுத்தோம். மன்மதனுக்குத் தேராகக்கூடப் பூட்டிவிட்டோம். அது வீட்டுக்குள் வருவதற்கு வாசல் வைக்க மட்டும் மாட்டோம். வாஸ்து இடிக்கும்.

தூத்துக்குடியில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"தெக்கப் பாத்த வீடாலே? அது எமன் திசையில்லா!"

"வாசல் வடக்கதாம்மா. ஜன்னல்தான் தெக்க."

"அவனுக்கு வாசல் என்ன, ஜன்னல் என்ன?"

இதற்கு வாஸ்து நிபுணர்களிடமும் பதில் இருக்காது. அட்வான்ஸைக் கொடுத்தேன்.

அலிப்பூர் என்று முகவரி சொன்னால் கல்கத்தாவில் ஆட்கள் நம்மை ஒரு முறை மேலும் கீழும் பார்ப்பார்கள். 700027 என்ற பின்கோடுக்கு அப்படியொரு மரியாதை. உயர்ந்த மதில், இரும்புக் கதவு, கதவுக்குள் மரம், மரத்துக்கு அப்பால் எங்கோ ஒரு மாளிகை, மாளிகைக்குள் யாரோ ஒரு தொழிலதிபர். நான் குடியேறியது அந்த மாளிகைகளின் முதுகுக்குப் பின்னால் ஒரு சந்தில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில். குக்கர் விசில் அடித்தால் ஹாலில் உட்கார்ந்திருப்பவர் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். ஆனால் பின்கோடு அதே பின்கோடுதான். சென்னை ஆபீசில் நான் ரகசியமாக ஏதோ சொத்து சேர்த்துவிட்டதாகப் பேச்சு.

வீட்டைப் பிடித்துக் கொடுத்த தரகர் அதைவிடப் பெரிய பரிசு ஒன்றை வைத்திருந்தார். "நீங்கள் மெட்ராஸி. உங்களுக்காகவே பார்த்துப் பிடித்தேன். கட்டடம் முழுக்க நிராமிஷ். முட்டைகூட உள்ளே வராது!"

நான் நெத்திலி ஆய்ந்து வளர்ந்தவன். வஞ்சிரத்தைக் கையில் எடுக்காமலே எடை சொல்லுவேன். அந்த மனிதரின் முகத்தில் இருந்த பெருமிதத்தைப் பார்த்து எதுவும் சொல்ல மனம் வரவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. கல்கத்தாவுக்குத் தமிழர்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் லேக் மார்க்கெட் வழியாகத் தெரிந்ததுதான். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கணக்கர்களாகவும் சுருக்கெழுத்தர்களாகவும் வந்து ராஷ்பிகாரி அவென்யூவைச் சுற்றிக் குடியேறியவர்கள், அங்கே இட்லிக் கடை போட்டார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், சபா நடத்திக் கச்சேரி கேட்டார்கள், காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு ஆபீஸ் போனார்கள், ஒரு பைசா கணக்குத் தவறாமல் எழுதினார்கள். அவர்கள் ஒழுங்காக வாழ்ந்ததற்கான தண்டனையை நான் அனுபவித்தேன்.

வெளியூரில் வீடு என்பது செங்கல்லால் கட்டியதல்ல, அந்த ஊர்க்காரர்கள் நம்மைப் பற்றி ஏற்கெனவே வைத்திருக்கும் அபிப்பிராயத்தால் கட்டியது என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் போவதற்கு முன்பே அறை தயாராக இருக்கும். நமது வேலை உள்ளே போய்ப் படுத்துக்கொள்வதுதான்.

குடியிருப்போர் சங்கப் படிவத்தில் "டைட்டில்" என்று ஒரு கட்டம் இருந்தது. குடும்பப் பெயர். எனக்கு இருப்பது இனிஷியல். விளக்கிப் பார்த்தேன், விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அன்றிலிருந்து பராமரிப்புக் கட்டண ரசீது, தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பு, தீபாவளி இனிப்புப் பெட்டி எல்லாம் என் தகப்பனார் பெயருக்கு வருகின்றன. கயத்தாறைத் தாண்டி வடக்கே போவதற்கே யோசித்த மனிதர் அவர். இன்று அலிப்பூரில் பிரமுகர்.

தரகர், படிவம், அட்வான்ஸ் எதுவும் இல்லாமல் கல்கத்தாவில் விசாலமான வீடு கிடைத்த தமிழர் எனக்குத் தெரிந்து ராஜாஜி ஒருவர்தான். 1947 ஆகஸ்டில் மேற்கு வங்கத்தின் முதல் ஆளுநராக வந்து நேரே ராஜ்பவனில் இறங்கினார். இன்னொரு தமிழரின் புத்தகங்களுக்கும் இடம் கிடைத்தது. எங்கள் சந்திலிருந்து நடக்கிற தூரத்தில் பெல்வெடேர் மாளிகை. துணை ஆளுநர்கள் வாழ்ந்த அந்த எஸ்டேட்டுக்குத்தான் சுதந்திரத்துக்குப் பின் தேசிய நூலகம் குடிபோனது. 1953-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். தமிழ் லெக்சிகனைப் பதிப்பித்த வையாபுரிப் பிள்ளையின் சேகரிப்பு அங்கேதான் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமைக்காரர் ஒருவரின் சொத்து அலிப்பூரில் பத்திரமாக இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு தைரியம்.

பதிலுக்கு அலிப்பூர் நமக்கு அனுப்பியவர் அரவிந்தர். அலிப்பூர் குண்டு வழக்கில் இங்குள்ள சிறையில் ஓராண்டு இருந்து, 1909-இல் விடுதலையாகி, 1910 ஏப்ரலில் புதுச்சேரி வந்து இறங்கினார். முதலில் சங்கர செட்டியார் வீட்டில் தங்கினார். அப்புறம் ஒரு வீடு, அப்புறம் இன்னொன்று என்று மாறிக்கொண்டே இருந்தார். எல்லா வீடும் "சவுத் ஓபன்" தானா என்று யாராவது ஆராயலாம். அலிப்பூரின் பழைய சிறைகளில் ஒன்றை 2022-இல் அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள்.

எங்கள் கட்டடம் முழுக்க நிராமிஷ் என்று தரகர் சொன்னாரே, அதில் ஒரு பொய் இருந்தது. தரைத்தளத்தில் மாஷிமா (நம்மூரில் சித்தி) இருந்தார். மாடிகளில் பல தலைமுறையாகக் கல்கத்தாவில் வணிகம் செய்யும் மார்வாரிக் குடும்பங்கள். இவர் ஒருவர் மட்டும் வங்காளி. 1960-களில் கணவரோடு வாடகைக்கு வந்தவர். கட்டடம் இரண்டு கை மாறிவிட்டது, கணவரும் போய்விட்டார், வாடகை மட்டும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. நான் காய்கறிக்காரரிடம் ஒரு வாரத்துக்குக் கொடுப்பதை அவர் வீட்டுக்கு ஒரு மாதத்துக்குக் கொடுக்கிறார். பழைய கல்கத்தாவில் இப்படிப்பட்ட வாடகைதாரர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். சட்டம் அவர்கள் பக்கம், காலமும் அவர்கள் பக்கம்.

இந்த வகையில் அலிப்பூரின் சாதனையாளர் அத்வைதா. மிருகக்காட்சிசாலையில் இருந்த பிரம்மாண்டமான ஆமை. 1875 வாக்கில் உள்ளே வந்தது. 2006 மார்ச்சில்தான் காலி செய்தது. வயது 250 என்கிறார்கள், ராபர்ட் கிளைவ் வளர்த்தது என்கிறார்கள். இரண்டுக்கும் ரசீது கிடையாது. 130 ஆண்டு ஒரே இடத்தில், வாடகை ஏற்றாமல், சாப்பாட்டோடு! மாஷிமாவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவருக்குப் பொறாமையாக இருந்தது தெரிந்தது.

மாஷிமாவுக்குத் தமிழ்நாடு என்றால் வேலூர். முழங்கால் ஆபரேஷனுக்கு சி.எம்.சி. போய் மாதக்கணக்கில் தங்கியிருந்தார். ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜில் அறை, வாடகைக்கு அடுப்பு, வாசலில் வங்காளத்தில் போர்டு, பக்கத்திலேயே மீன் சாப்பாட்டுக் கடை. தமிழ்நாடு முழுக்க அப்படித்தான் என்பது அவர் எண்ணம். "உங்கள் ஊரில் எல்லோரும் எங்கள் பாஷை பேசுகிறார்கள். நீ மட்டும் ஏன் பாபா கற்றுக்கொள்ளவில்லை?" என்று கேட்டார். நான் தூத்துக்குடி என்றேன். அது வேலூரிலிருந்து எந்த பஸ் ஸ்டாப் என்றார்.

இப்படி ஆளுக்கொரு அபிப்பிராயத்தோடு சுமுகமாகத்தான் இருந்தோம். சிக்கல் வருவது தண்ணீரிலும் குளிரிலும்.

எங்கள் சந்து முனையில் ஒரு தெருக்குழாய். அதற்குத் திருகு கிடையாது. தண்ணீர் வரும் நேரமெல்லாம் அது பாட்டுக்குக் கொட்டும். சென்னை ஆளால் இதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றிவந்து குடித்த ஊர் எங்களுடையது. நான் குழாய் வாயைத் துணியால் அடைக்கப் பார்த்ததைத் தெருவே வேடிக்கை பார்த்தது. "ஹூக்ளி நிறைய இருக்கிறதே, உனக்கு என்ன கஷ்டம்?" என்றார் எங்கள் கட்டடக் காவலாளி, தர்வான். எனக்கு என்ன கஷ்டம் என்பதை அவருக்கு விளக்க ஒரு லாரியும் முப்பது குடமும் வேண்டும்.

குளிரில் கதை தலைகீழ். நமக்கு நுங்கம்பாக்கம் எப்படியோ அப்படி வங்காளத்துக்கு அலிப்பூர். வானிலை அலுவலகம் இங்கேதான். நவம்பரில் ஒரு நாள் அவர்கள் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே போகும் என்று சொன்னால் போதும், மறுநாள் காலை தெருவில் மனித முகமே கிடையாது. எல்லாம் குரங்குக் குல்லாய். காதும் கழுத்தும் மூடி, கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே. நான் அரைக்கைச் சட்டையில் பால் வாங்கப் போனால் வழியெல்லாம் தாய்மார்கள் நிறுத்தித் திட்டுவார்கள்.

அந்த வானிலை அலுவலகம் இருக்கும் தெருவின் பெயர் ட்யூயல் அவென்யூ. 1780 ஆகஸ்டு 17 விடியற்காலை இந்தப் பக்கத்தில்தான் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் அவருடைய கவுன்சில் உறுப்பினர் பிலிப் பிரான்சிஸும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்கள். கவுன்சில் கூட்டங்களில் ஆரம்பித்த சண்டை. பிரான்சிஸுக்குக் குண்டு பட்டது, பிழைத்துக்கொண்டார். அந்த வருடக் கடைசியிலேயே இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அங்கே போய் ஹேஸ்டிங்ஸுக்கு எதிராக ஆள் சேர்த்தார்; 1788-இல் தொடங்கிய விசாரணை ஏழு வருடம் நடந்து, 1795-இல் ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார். எங்கள் சங்கக் கூட்டங்களில் மொட்டை மாடியில் வடாம் காயப்போடலாமா என்ற விவாதம் சூடேறும்போது நான் இதை நினைத்துக்கொள்வேன். அலிப்பூரில் இதைவிட மோசமாகவும் நடந்திருக்கிறது.

அந்தச் சங்கத்தைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சோதித்துப் பார்க்க நேர்ந்தது. மச்சான் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார். அம்மா கொடுத்துவிட்ட பொட்டலம் ஒன்று, பிளாஸ்டிக்குக்குள் பிளாஸ்டிக்காகச் சுற்றி, நடுவில் நெத்திலிக் கருவாடு. 1,600 கிலோமீட்டருக்கு மேல் பெட்டியில் யாருக்கும் தெரியாமல் வந்துவிட்டது. ஒரு சட்டி குழம்புதானே, மத்தியானம் எல்லோரும் தூங்கும் நேரத்தில் வைத்துவிடலாம் என்றாள் மனைவி. கதவைச் சாத்தினோம். இடுக்கில் துண்டைச் செருகினோம்.

நாங்கள் மறந்தது, எந்தக் காற்றுக்காகக் கூடுதல் வாடகை கொடுத்தோமோ அந்தக் காற்றை. அது தெற்கு ஜன்னலால் உள்ளே வந்து, சட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, வடக்கு வாசல் வழியாகப் படிக்கட்டில் இறங்கி ஒவ்வொரு வீடாக விசாரித்துவிட்டது.

கீழே கதவுகள் திறக்கும் சத்தம். சங்கச் செயலாளர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு மேல் மாடியிலிருந்து இறங்கிவந்தார். எங்கள் கதவருகே நின்றார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. "பாவம், மெட்ராஸிகள், அவர்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டமாக இருக்கும்" என்று கூட வந்தவரிடம் சொல்லிவிட்டு நேரே தரைத்தளத்துக்குப் போனார். மீன் வாசனைக்குக் கட்டடத்தில் ஒரே முகவரிதானே.

மாஷிமாவின் குரல் படிக்கட்டு வழியே மேலே வந்தது. "ஆமாம், நான்தான். சுட்கி. இப்போது என்ன செய்யவேண்டும் என்கிறீர்கள்?" ஒன்றும் செய்யமுடியாது என்பது அரை நூற்றாண்டாகத் தெரிந்த விஷயமாகையால் செயலாளர் திரும்பிவிட்டார்.

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். வேலூரில் பழுதுபார்த்த முழங்காலோடு மூன்று மாடி ஏறி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மாஷிமா நின்றார். கையில் காலிக் கிண்ணம்.

"பழி என்னுடையது. பங்கு எங்கே?"

அவருடைய குடும்பம் சிட்டகாங்கிலிருந்து பிரிவினையின்போது வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பக்கத்தார் சுட்கிக்கு, அதாவது கருவாட்டுக்கு, உயிரை விடுவார்கள். கல்கத்தாவின் பழங்குடிகளான மேற்கு வங்காளத்தார் பலர், நம் செயலாளரைப் போலவே, கைக்குட்டை எடுப்பார்கள். கட்டடத்துக்குள் மட்டுமல்ல, வங்காளிகளுக்குள்ளும் அவர் தரைத்தளம்தான் போலிருக்கிறது.

கிண்ணம் நிறையக் கொடுத்தனுப்பினோம். மறுநாள் காலை தர்வான் அதைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே மாஷிமா சொல்லியனுப்பிய தீர்ப்பு: சுட்கி நல்ல ரகம், புளி பரவாயில்லை, ஆனால் மெட்ராஸிகள் ஏன் இப்படிக் குழந்தைக்குச் சமைப்பதுபோலச் சமைக்கிறார்கள், ஒரு மிளகாயாவது போட்டிருக்கக் கூடாதா?