டப்பியை மூடுங்கள்!

கே: ஸ்ட்ரிப் டப்பி சித்திரை முழுக்கக் கடையிலேயே கிடந்தது. சுகர் மெஷின் காட்டும் எண்ணை நம்பலாமா?
(கடைக்காரர், செஞ்சிக் கோட்டை அடிவாரம்)

ப: வேண்டாம் ஐயா. ஸ்ட்ரிப் நுனியில் இருப்பது நொதி. பலவற்றில் அது குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ், ஒரு பூஞ்சையிலிருந்து எடுக்கும் புரதம். சூட்டில் முட்டைக்கு நேர்வதுதான் அதற்கும் நேரும், மெதுவாக. 30 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள் என்று பல டப்பிகளிலேயே அச்சிட்டிருக்கும். உங்கள் கோட்டையின் ராஜகிரிப் பாறை ராத்திரியிலும் சுடுகிற மாதத்தில், தகரக் கூரைக்கடியில் அது எப்படிப் பிழைக்கும்? அந்த எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள். புது டப்பி வாங்குங்கள், லேபிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கே: நொதியே இல்லாமல் அளக்க முடியாதா?
(கல்லூரி மாணவி, மேல்மலையனூர்)

ப: முடியும் அம்மா! நிக்கல் அல்லது செம்பு ஆக்சைடை நானோ துகளாக்கி மின்முனையில் பூசுகிறார்கள். கற்கண்டைப் பொடித்தால் சட்டென்று கரைகிறதே, அதே கணக்கு: பொடியப் பொடிய மேற்பரப்பு கூடும். காரக் கரைசலில் மின்னழுத்தம் கொடுத்தால் நிக்கல் ஓர் எலக்ட்ரானை இழந்து பசியோடு நிற்கும். பக்கத்தில் வரும் குளுக்கோஸிடமிருந்து ஒன்றைப் பிடுங்கும். அதை மின்முனை மறுபடி வாங்கிக்கொள்ளும். இப்படிக் கைமாறுவதுதான் மின்னோட்டம். சர்க்கரை கூடினால் அதுவும் கூடும். உலோகம் வெயிலுக்குக் கெடாது, அதுதான் இதில் எனக்குள்ள ஆசை.

கே: நம் பக்கத்தில் யார் செய்கிறார்கள்?
(ஆசிரியர், சிங்கவரம்)

ப: காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்த ஆய்வு நடந்திருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953-ல் திறந்த நிறுவனம்.

கே: பிறகு ஏன் நொதியில்லா ஸ்ட்ரிப் மருந்துக்கடைக்கு வரவில்லை?
(அதே ஆசிரியர்)

ப: நிக்கலுக்கு பிஎச் 13 அளவுக்குக் காரம் வேண்டும். நம் ரத்தமோ 7.4, அதில் அது தூங்கிவிடும். பிளாட்டினமும் தங்கமும் ரத்தத்தின் உப்பிலுள்ள குளோரைடால் சோர்ந்துபோகும். இன்னொன்று: நொதி ஆள் பார்த்துக் கதவு திறக்கும், உலோகம் பார்க்காது. வைட்டமின் சி, யூரிக் அமிலம், பாராசிட்டமால் எல்லாம் நுழைந்து கணக்கைக் குழப்பும். சர்க்கரைத் தண்ணீரில் ஜெயித்த கருவியை ஒரு சொட்டு ரத்தத்தில் நிரூபித்த பிறகே கொண்டாட வேண்டும். 100 மில்லிகிராமுக்கு மேலான அளவுகளில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவையாவது 15 சதவீதத்துக்குள் சரியாக இருக்கச் சொல்கிறது உலகத் தரவிதி. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. அத்தனை பேர் நம்பும் எண்ணுக்கு இந்தக் கண்டிப்பு தேவை.

கே: அதுவரை நான் என்ன செய்ய?
(பாட்டி, செஞ்சி)

ப: டப்பிக்குள் ஈரம் உறிஞ்சும் மருந்து இருக்கிறது, பாட்டி. மூடியைத் திறந்தே வைத்தால் அது ஊர் ஈரத்தையெல்லாம் குடித்து ஓய்ந்துவிடும். ஸ்ட்ரிப்பை எடுத்ததும் அழுத்தி மூடுங்கள். ஃபிரிட்ஜும் வேண்டாம், வீட்டில் நிழலான அலமாரி போதும். சீத்தாப்பழம் பிட்ட விரலில் குத்தினால் மெஷின் பழத்தையும் சேர்த்து அளக்கும். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.