வலது தடத்துப் பட்டா

செங்கல்பட்டைத் தாண்டினால் திருச்சி நெடுஞ்சாலையில் வலது தடம் முந்துவதற்கு என்பது விதி. நடைமுறையில் அது, நாற்பதில் உருளும் லாரிக்குப் பரம்பரைப் பட்டா. ஹாரன் அடித்தால் டிரைவர் ஜன்னல் வழியே கையை நீட்டி, இடப்பக்கமாகப் போகச் சொல்வார். உபசரிப்பில் குறையில்லை.

அப்படிப் போய் வேகமெடுத்தால், முதுகை உரசிக்கொண்டு ஓர் ஆம்னி பஸ், ஹைபீம் வேறு. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குச் சுமார் 28 மீட்டர் ஓடிவிடும். பிரேக்கில் கால் போவதற்கே அந்த ஒரு நொடி சரியாகிவிடும். மீதியை டேஷ்போர்டு பிள்ளையார் பார்த்துக்கொள்வார், பாவம்.

முன்வண்டிக்கு மூன்று நொடி இடைவெளி விடுங்கள் சார். விட்டால் எவனாவது புகுந்துவிடுவானா? புகட்டும், மறுபடி விடுங்கள்.