ஓட்டுப் போட்டவருக்கு எதுவரை உரிமை?

டீக்கடை நடத்துபவர், நீடாமங்கலம்

கேள்வி: தலைவர்களின் சொந்த வாழ்க்கையைப் பற்றி என் கடையில் பேசாத நாளே இல்லை. பேசலாமா, கூடாதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

பதில்: யாரோடு வாழ்கிறார் என்பது அவர் பாடு, அவருடைய பதவிக்குப் பயந்து யாராவது தலையாட்ட நேர்ந்ததா என்பது நம் பாடு.

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவாரூர்

கேள்வி: கலைஞரின் குடும்பத்தைப் பற்றி எதிர்க்கட்சிக்காரர்கள் எத்தனையோ மேடைகளில் பேசினார்கள். எங்கள் ஊர் மக்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லையே, ஏன்?

பதில்: அவர் மறைக்கவில்லை என்பதுதான் முதல் காரணம். முதல் மனைவி பத்மாவதி இளம் வயதிலேயே இறந்துபோனார். பிறகு தயாளு அம்மாள், அதன் பிறகு ராஜாத்தி அம்மாள். கோபாலபுரத்தில் ஒரு வீடு, சி.ஐ.டி. காலனியில் ஒரு வீடு என்பது ஊரறிந்த செய்தி. பக்கத்துத் திருக்குவளையில் பிறந்தவரை உங்கள் ஊர் எல்லாம் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தது. 2016இல் 68,366 ஓட்டு வித்தியாசம். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே பெரிய வித்தியாசம் அதுதான். பிரான்ஸ் அதிபராக இருந்த மித்தரான் 1996 ஜனவரியில் அடக்கமானபோதும் மனைவியும் பிள்ளைகளும், இன்னொரு பெண்ணும் அவருக்குப் பிறந்த மகளும் ஒரே இடத்தில் நின்றார்கள். அந்த நாடும் தாங்கிக்கொண்டது.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இந்து ஆணுக்கு ஒரு நேரத்தில் ஒரு மனைவிதான் என்று சென்னை மாகாணத்தில் 1949இலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இயற்றும் சபையில் இருந்தவரிடம் அதைக் கேட்பது வம்பளப்பு ஆகாது. கேட்டிருக்கலாம். மேடை ஏறியவர்களில் பலர் சட்டத்தைக் கேட்கவில்லை. அந்தப் பெண்களைக் கேவலப்படுத்தினார்கள். திருவாரூர் காதைப் பொத்திக்கொண்டது சரிதான்.

துணிக்கடை ஊழியர், மன்னார்குடி

கேள்வி: கலைஞரை விட்டுவிட்ட ஜனங்கள் ஜெயலலிதாவை மட்டும் ஏன் விடவில்லை?

பதில்: கொள்முதல் நிலையத்தில் யார் நெல்லானாலும் ஈரம் 17 சதவீதம் என்று ஒரே அளவு. ஒழுக்கத்துக்கு மட்டும் ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறோம். 1987 டிசம்பரில் ராஜாஜி மண்டபத்தில் எம்.ஜி.ஆர். உடலருகே மணிக்கணக்காக நின்ற அந்தப் பெண்ணை, பீரங்கி வண்டியில் ஏறியபோது பிடித்துத் தள்ளினார்கள். கட்சியின் கொள்கைபரப்புச் செயலாளராகவும் மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்தவர் அவர். அதெல்லாம் யார் கண்ணிலும் படவில்லை. அந்த உறவுக்கு என்ன பெயர் என்ற ஒரே கேள்வியைத்தான் அவர் சாகும்வரை துரத்தவிட்டோம்.

பிறகு சசிகலாவோடு இருந்த நட்பையும் விடவில்லை. ராஜகோபாலசுவாமி கோயிலுக்கும் மதிலழகுக்கும் பேர் போன உங்கள் ஊரின் பெயரையே சசிகலா குடும்பத்தோடு சேர்த்து வசைச்சொல் ஆக்கினார்கள். இதில் எனக்குப் பெரிய கோபம் உண்டு. ஏனென்றால் கேட்கவேண்டிய கேள்வி கண்முன்னே கிடந்தது. அவர்கள் மீதான வழக்கு 66 கோடியே 65 லட்ச ரூபாய் சொத்தைப் பற்றியது. 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. இடையில் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் பழைய தண்டனையே சரி என்றது. ஜெயலலிதா அதற்குள் இறந்திருந்தார். இத்தனை வருஷமும் சொத்துக் கணக்கைக் கேட்கவேண்டிய வாய்கள் இரண்டு பெண்கள் ஏன் ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தன. கிசுகிசு பேசுகிற ஊரில் கணக்குக் கேட்க ஆள் இருப்பதில்லை.

பழைய கிராம முன்சீப் குடும்பத்தவர், திருவையாறு

கேள்வி: எங்கள் தாத்தா காலத்தில் மிராசுதார்கள் இரண்டு வீடு, மூன்று வீடு வைத்திருந்தார்கள். அது ஒரு கௌரவமாகவே இருந்தது. யாரும் கேட்கவில்லை. இப்போது மட்டும் ஏன் இவ்வளவு கூச்சல்?

பதில்: கேட்க வேண்டியவர்களைக் கேட்கவிடவில்லை, ஐயா. சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த கீழத்தஞ்சையில், நடவு நட்ட பண்ணையாள் பெண் மிராசுதாரைப் பற்றி எந்தப் பஞ்சாயத்தில் போய்ச் சொல்வாள்? பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்தவரும் அவரேதானே. அவள் வாய் திறக்காததை ஊர் சம்மதம் என்று எழுதிக்கொண்டது. 1940களில் பி. சீனிவாசராவ் செங்கொடி பிடித்து ஊர் ஊராகச் சங்கம் கட்டிய பிறகுதான் அந்த மக்கள் நிமிர்ந்து பேசினார்கள். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. அந்தச் சங்கங்கள் கேட்டது கூலியை மட்டும் அல்ல.

உங்கள் தாத்தா காலத்துக் கௌரவத்தில் இன்னொரு தரப்பும் உண்டு. பொட்டுக் கட்டப்பட்ட பெண்கள். மிராசுதார் போய் வந்தால் அது அந்தஸ்து. கதவு திறந்தவள் மட்டும் தாசி. பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல் வந்தபோது அதைப் பண்பாட்டு நஷ்டம் என்று புலம்பியவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுப் பெண் ஒருத்திக்கும் பொட்டுக் கட்டியிருக்க மாட்டார்கள்.

கல்லூரி மாணவி, கும்பகோணம்

கேள்வி: புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. விண்ணப்பத்தில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் என்று பார்த்தேன். அவர் யார்?

பதில்: திருவையாற்றுக்காரர் கேட்டாரே, அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை என்று. கேட்டவர் இவர். 1883இல் பிறந்தவர், மயிலாடுதுறையை ஒட்டிய மூவலூரில் வளர்ந்தவர். இசை வேளாளர் குடும்பம். பொட்டுக் கட்டும் வாழ்க்கையைத் தனக்கு வேண்டாம் என்று உதறி, தனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவரையே மணந்துகொண்டார். முதலில் காங்கிரஸ், பிறகு சுயமரியாதை இயக்கம். 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்’ என்று ஒரு நாவல் எழுதினார். 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த படையில் போனார்; ஐம்பத்தைந்து வயதில் சிறைக்கும் போனார்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து நடத்திய ஒரு வழக்கத்துக்குப் பெண்ணை மட்டும் கூண்டில் ஏற்றிய ஊரில், காசு கொடுத்த மைனரையும் கூண்டில் ஏற்றியவர் அவர். அந்த 1,000 ரூபாயை வாங்கும்போது இதைத் தோழிகளுக்கும் சொல்லுங்கள்.

பகுத்தறிவு நூலகம் நடத்துபவர், பாபநாசம்

கேள்வி: அதே மூவலூர் அம்மையார் 1949இல் பெரியார்–மணியம்மையார் திருமணத்தைக் கண்டித்து வெளியேறினாரே. அது மட்டும் சொந்த வாழ்க்கையில் தலையிடுவது ஆகாதா?

பதில்: நல்ல கேள்வி, என்னை நிறுத்தி யோசிக்க வைத்த கேள்வி. எழுபதை எட்டப்போகும் பெரியார் 1949 ஜூலை 9 அன்று மணியம்மையைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். செப்டம்பர் 17 அன்று, பெரியாரின் பிறந்தநாளிலேயே, அண்ணா சென்னை ராபின்சன் பூங்காவில் தி.மு.க.வைத் தொடங்கினார். தலைவர் நாற்காலியைப் பெரியாருக்காகக் காலியாகவே விட்டுவைத்தார்கள். ஒரு தலைவரின் கல்யாணத்தால் இத்தனை பெரிய அரசியல் மாற்றம் தமிழ்நாட்டில் வேறெப்போதும் நடந்ததில்லை.

இயக்கத் தொண்டர்களுக்குக் கேட்கும் உரிமை இருந்தது என்றே நினைக்கிறேன். பொருந்தா மணத்தை மேடைதோறும் கண்டித்த இயக்கம் அது. இயக்கத்தின் சொத்துக்கும் எதிர்காலத்துக்கும் வாரிசு ஏற்பாடாகத்தான் பெரியாரும் அந்தத் திருமணத்தை விளக்கினார். ஊருக்குச் சொன்ன கொள்கையும் பொதுச்சொத்தும் அதில் இருந்ததால் அது பொதுக் கேள்வி. அம்மையார் கேட்டது அந்தக் கேள்வி.

ஆனால் மணியம்மையார் மீது விழுந்த ஏச்சுக்கு எந்த நியாயமும் இல்லை. சொத்துக்காக வந்தவர் என்றார்கள். அவர் பெரியாரைக் கடைசி நாள்வரை தாய்போல் பார்த்துக்கொண்டார். பெரியார் 1973 டிசம்பரில் மறைந்த பிறகு இயக்கத்தைத் தலைமை ஏற்று நடத்தினார்; 1978இல் இறக்கும்வரை நடத்தினார். ஏசியவர்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை.

விவசாயி, திருக்காட்டுப்பள்ளி

கேள்வி: பிரஜ்வல் ரேவண்ணா விஷயம் கர்நாடகத்து விஷயம்தானே, நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?

பதில்: ஹாசன் மாவட்டத்தில் கோரூர் அணையைத் தாண்டி வரும் ஹேமாவதித் தண்ணீர்தான் காவிரியில் கலந்து கல்லணைக்கு வருகிறது. தேவகவுடா என்ற பெயர் தண்ணீர்ச் சண்டையில் உங்களுக்குத் தெரியும். அவருடைய பேரன் இவர், அப்போது ஹாசன் எம்.பி.யாக இருந்தவர். 2024 ஏப்ரல் 26 வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு, பல பெண்களின் வீடியோக்கள் அடங்கிய பென் டிரைவ்களை ஊரெங்கும் யாரோ வீசிவிட்டுப் போனார்கள். 2025 ஆகஸ்ட் 1 அன்று, குடும்பத்தின் பண்ணை வீட்டில் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. மறுநாள் ஆயுள் தண்டனை.

பண்ணை வீட்டு வேலைக்காரப் பெண், பண்ணையாரின் வாரிசு. கீழத்தஞ்சைக்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. ‘பாலியல் லீலை’ என்று தலைப்புப் போட்ட ஏடுகள் ஒரு வன்கொடுமையைச் சல்லாபமாக மாற்றின. பென் டிரைவை வீசியவர்களையும் நான் மன்னிக்கமாட்டேன். எதிரியைத் தோற்கடிக்க அந்தப் பெண்களின் முகத்தை மறைக்காமல் விட்டார்கள். பெண்கள் ஊரில் இருக்க முடியாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள்.

பெயர் வேண்டாம் என்றவர், பட்டுக்கோட்டை

கேள்வி: அப்படிப்பட்ட வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தது. அரசியல் விழிப்புணர்வுக்காக மூன்று குரூப்பில் போட்டேன். தப்பா?

பதில்: தப்பு. குற்றமும்கூட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவில் ஐந்தாண்டுவரை சிறை உண்டு. இன்றே எடுத்துவிட்டு, மூன்று குரூப்பிலும் இனி யாரும் அனுப்ப வேண்டாம் என்று எழுதுங்கள்.

இளம் வழக்கறிஞர், தஞ்சாவூர்

கேள்வி: அந்தரங்க உரிமை என்றால் எல்லோரும் 2017 புட்டசாமி தீர்ப்பையே சொல்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு இதில் பங்கு இல்லையா?

பதில்: பெரிய பங்கு உண்டு. கொலைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தது. தங்கள் பெயர் வருமோ என்று அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இன்றும் நமக்கு அளவுகோல். குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்ற சொந்த விஷயங்களை ஒருவரின் சம்மதம் இல்லாமல் எழுதக்கூடாது. ஆனால் நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவில் வந்துவிட்டால் எழுதலாம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயர் மட்டும் அப்போதும் கூடாது. அரசுப் பணியில் செய்த காரியத்தைப் பற்றி எழுதினால், அதிகாரி அந்தரங்கம் என்று ஒளிந்துகொள்ள முடியாது.

இத்தனைக்குப் பிறகும் 2019இல் பொள்ளாச்சி வழக்கின் அரசாணையிலேயே பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் வெளிவந்தது. 25 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. எழுதக்கூடாத ஒரே பெயரை அரசே எழுதியது.

வங்கி ஊழியர், தஞ்சாவூர்

கேள்வி: மேகாலயா ஆளுநராக இருந்த நம் மாநிலத்துக்காரர் சண்முகநாதன் 2017இல் ராஜினாமா செய்தார். அதோடு விஷயம் முடிந்ததா?

பதில்: ராஜ்பவன் ஊழியர்கள் பலர் கையெழுத்திட்டுப் பிரதமருக்கும் குடியரசுத் தலைவருக்கும் எழுதினார்கள், மாளிகையின் மானம் போகிறது என்பது அவர்கள் புகார். அவர் மறுத்தார், ஜனவரி 26 அன்று விலகினார். ராஜினாமாவைக் குற்ற ஒப்புதலாகவும் கொள்ளக்கூடாது, நிரபராதி என்ற சான்றிதழாகவும் கொள்ளக்கூடாது. விசாரணை மட்டுமே இரு தரப்புக்கும் நியாயம் செய்யும். அதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2021 பிப்ரவரியில் அப்போதைய முதல்வரின் சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணியில் இருந்த பெண் ஐ.பி.எஸ். அதிகாரி, சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் மீது புகார் சொன்னார். புகார் கொடுக்கப் போன வழியிலேயே அவர் காரை மறித்தார்கள். அவர் விடவில்லை. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் தாஸுக்கு மூன்றாண்டு தண்டனை கொடுத்தது. சீருடை போட்ட எஸ்.பி.க்கே வழிமறிப்பு என்றால், அலுவலகத்தில் தற்காலிக வேலை பார்க்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

இசை ரசிகர், மயிலாடுதுறை

கேள்வி: யூடியூப் வந்த பிறகுதான் இந்தக் கிசுகிசு வியாபாரம், இல்லையா?

பதில்: உங்கள் ஊரில் பிறந்த தியாகராஜ பாகவதரைக் கேட்டால் தெரியும். ‘இந்துநேசன்’ லட்சுமிகாந்தன் நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதியே பத்திரிகை விற்றார். 1944 நவம்பரில் கத்திக்குத்துப் பட்டு இறந்தார். அந்தக் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறை சென்றார்கள். பிரிவி கவுன்சில்வரை போய், 1947 ஏப்ரலில் விடுதலை. பாகவதர் பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை.

இல்லத்தரசி, பேராவூரணி

கேள்வி: என் கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். உள்ளாட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு நிற்கலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டோம். அதற்குள் என்னைப் பற்றித் தெருவில் கதை கட்டிவிட்டார்கள். நிற்கட்டுமா, விட்டுவிடட்டுமா?

பதில்: நில்லுங்கள், அம்மா. பாதி இடம் பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது. யாரும் உங்களுக்குத் தரும் சலுகை அல்ல. கதை கட்டுபவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லவே தேவையில்லை. வாட்ஸ்அப்பில் வந்தால் மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணும் இருக்கிறது. உங்கள் கணவரிடம் இந்தக் கதையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வேறு யாரும் போன் போட்டுச் சொல்ல இடம் வைக்காதீர்கள்.

ஓட்டுக் கேட்கப் போகும்போது யாராவது உங்கள் வீட்டு விஷயத்தைக் கேட்டால், வாய்க்கால் தூர்வாரிய கணக்கு உங்களிடம் இருக்கிறதா என்று அவரைத் திருப்பிக் கேளுங்கள். அந்தக் கணக்கைக் கிராமசபையில் எல்லோர் முன்னாலும் கேட்கலாம். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தேர்தல் வரும்வரை காத்திருக்காமல் அடுத்த கூட்டத்துக்கே போய்விடுங்கள்.