வலிக்கு மட்டும் பாக்கேஜ் இல்லை

அபின் விளைவிப்பதில் நாம் பெரிய ஆள். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் என்று அரசு உரிமத்தோடு கசகசாச் செடி பயிராகிறது. நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசு ஆலைகள். அங்கிருந்து அபின் கப்பலேறுகிறது. வெளிநாட்டு நோயாளி அதில் எடுத்த மார்ஃபினைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார். நம்மூர் நோயாளி? 2017-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணக்குப் பார்த்தது. வலி தணிக்கத் தேவையான ஓபியாய்டு மருந்தில் இந்தியருக்குக் கிடைப்பது 4 சதவீதம். மீதி 96 சதவீதத்துக்கு முருகா முருகா என்று கத்திக்கொள்ளலாம். அதற்கு உரிமம் தேவையில்லை.

இந்தச் சாதனை சும்மா வந்துவிடவில்லை. கடத்தல்காரனைப் பிடிக்க 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் போட்டார்கள். கடத்தல்காரன் தப்பித்தான். புற்றுநோயாளி மாட்டினார். ஒரு மாத்திரைக்கு நாலைந்து உரிமம். கடைசி உரிமம் கைக்கு வருவதற்குள் முதல் உரிமம் காலாவதி. அடுத்த 12 ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 97 சதவீதம் சரிந்தது. தவறு புரிந்து, ஒரே உரிமம் போதும் என்று சட்டத்தைத் திருத்தியது 2014-இல். 29 ஆண்டுகள். அதற்குள் எத்தனை பேர் கத்தி ஓய்ந்தார்கள் என்று கணக்கெடுக்க ஆணையம் எதுவும் அமைக்கப்படவில்லை.

திருத்தியாயிற்றே, இப்போது கிடைக்குமே என்கிறீர்களா? சென்னையின் தென்கோடியில், பெருங்களத்தூரில் ஜிஎஸ்டி சாலையோரம் ஏதாவது மருந்துக் கடையில் மார்ஃபின் மாத்திரை கேளுங்கள். கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். டாக்டர் சீட்டு கையில் இருந்தாலும் பார்ப்பார். டாஸ்மாக்கில் யாரும் சீட்டு கேட்பதில்லை. போதையை அரசு எவ்வளவு கண்டிப்பாகத் தடுக்கிறது பாருங்கள்.

ஆனால் சிகிச்சைக்குப் பஞ்சமே இல்லை. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். 70 வயது நிறைந்தால், வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத்தில் 5 லட்சம். 2024 அக்டோபரில் விழா எடுத்து அறிவித்தார்கள். கீமோவுக்குப் பாக்கேஜ் உண்டு. ரேடியேஷனுக்கு உண்டு. அறுவைக்கு உண்டு. எல்லாம் மருத்துவமனைக் கட்டிலுக்கு. சொந்த வீட்டுக் கட்டிலில் வலியில்லாமல் படுத்திருக்கப் பாக்கேஜ் கிடையாது. அறுத்தால் பணம். எரித்தால் பணம். அணைத்துப் படுக்கவைத்தால் உங்கள் செலவு.

ஒரு வீட்டுப் பெரியவர். 82 வயது. நாலாம் ஸ்டேஜ் புற்று. ஈரலுக்கும் பரவிவிட்டது. இனி இந்த நாடகத்தின் வசனங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். டாக்டர்: "பண்ணிப் பார்க்கலாம்." என்ன கிடைக்கும், எத்தனை மாதம், அந்த மாதங்களில் எத்தனை நாள் எழுந்து உட்கார முடியும்? அந்தக் கேள்விக்கு அவரிடம் நேரமில்லை. கேட்க நமக்கும் தைரியமில்லை. நியூஜெர்சி மகன்: "செலவைப் பத்திக் கவலைப்படாதீங்க, பெஸ்ட் எதுவோ அதைப் பண்ணுங்க." பாசம் டாலரில் வரும். ஊசி அப்பாவின் கையில் ஏறும். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த சித்தப்பா: "வேற ஆஸ்பத்திரில காட்டினீங்களா?" பதினாறாம் நாள் காரியத்தில் சாப்பாட்டுப் பந்தியில் தீர்ப்பு: "பதினெட்டு லட்சம் செலவு பண்ணாங்க. குறை சொல்ல முடியாது." பெரியவர் வாந்தி எடுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தது யாருக்கும் குறையில்லை.

வயதானவருக்குச் சிகிச்சையே வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. குணமாகும் புற்றை எண்பதிலும் குணப்படுத்த வேண்டும். குணமாகாது என்று தெரிந்த பிறகும் கட்டிவைத்துக் குத்துவதுதான் கேள்வி. வலி தணிக்கும் ஆதரவு சிகிச்சை என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம் பண்ணும் மேதைகள் கவனிக்க: 2010-இல் அமெரிக்காவின் பாஸ்டனில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதோடு தொடக்கத்திலிருந்தே ஆதரவு சிகிச்சையும். முதல் பிரிவின் இடைநிலை ஆயுள் 8.9 மாதம். இரண்டாவது பிரிவு கடைசிக் காலத்தில் குறைவாகவே குத்து வாங்கியது. 11.6 மாதம் வாழ்ந்தது. குறைவாகக் குத்து வாங்கியவர்கள் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். இதை எந்த மருத்துவமனையும் பிளெக்ஸ் போர்டில் போடாது. இதில் என்ன லாபம்?

பக்கத்து வீட்டைப் பார்க்கலாம். கோழிக்கோட்டில் 1993-இல் சில டாக்டர்கள் தொடங்கிய ஆதரவு சிகிச்சையை, 2008-இல் கேரளம் மாநிலக் கொள்கையாகவே ஆக்கியது. நம்மிடமும் 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. அதன் பட்டியலில் ஆதரவு சிகிச்சையும் இருக்கிறது. நல்ல காரியம். செவிலியர் வீடு தேடி வருவார், புண்ணைத் துடைப்பார். கத்தும் வலிக்கு மார்ஃபின் வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையைத் தேடி நாம்தான் போக வேண்டும். கடைசி நாட்களுக்குக் கட்டணமில்லாமல் ஓர் இடம் வேண்டுமா? வடக்கே மாத்தூரில் ஜீவோதயா இருக்கிறது. பெருங்களத்தூரிலிருந்து சென்னையின் மறுகோடிக்கு, முதுகெலும்பில் புற்றோடு, நம்முடைய சாலைகளில். மக்களைத் தேடி மருத்துவம் வரும். மருந்தைத் தேடி மக்கள் போவார்கள்.

உச்ச நீதிமன்றம் 2018-இலேயே வழி சொன்னது. இந்த நிலை வந்தால் எனக்குக் குழாய் சொருகாதீர்கள் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். நடைமுறை கடினம் என்றார்கள், 2023-இல் எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி போதும். ஒரு பிரதியை உள்ளாட்சி அமைப்பு நியமிக்கும் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். தாம்பரம் மாநகராட்சியில் அந்த அதிகாரி யார் என்று ஒருநாள் போய்க் கேளுங்கள். சொத்து வரி கவுன்ட்டருக்கு அனுப்பாமல் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பிறப்பு இறப்புப் பதிவுக்கு அனுப்பினால், கொஞ்சம் முன்கூட்டியே வந்துவிட்டீர்கள்.

காகிதம் எழுதுவது நம் குடும்பங்களுக்குத் தெரியாதது இல்லை. நடக்க முடியாதவரின் வீட்டுக்கே சார்பதிவாளர் வந்து பத்திரம் பதிய 1908-ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது. வருகிறார். பெரியவர் தலையணையில் சாய்ந்தபடி, நல்ல சுயநினைவுடனும், பிறர் தூண்டுதல் இன்றியும், மனப்பூர்வமாகவும் வீட்டை எழுதிக் கொடுக்கிறார். மறுவாரம் ஐந்தாவது கீமோவுக்குச் சம்மதப் படிவம் வருகிறது. அதே பிள்ளைகள் பேனாவைப் பிடுங்கிக்கொள்கிறார்கள்: "அவருக்கு ஒண்ணும் புரியாது டாக்டர். நாங்க போடுறோம் கையெழுத்து."